செல்லுபடியாகும் எல்லை

சூளகிரியைத் தாண்டும்போது தண்ணீர் பாட்டிலுக்காகப் பைக்குள் கையை விட்டேன், கை அதன்மேல் பட்டது. துவைத்து மடித்த பழைய பருத்திச் சேலைத் துண்டுகள், பூண்டு, சுக்கு, மகள் பிரதீபாவுக்குப் பிடித்த எள்ளுருண்டை டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில், தோல் உறையோடு, ரிவால்வர். கையை உடனே வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் பக்கத்து இருக்கைப் பெண் விழித்துக்கொள்வாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் ஏதோ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எப்போது இதைப் பைக்குள் வைத்தேன்? ஏழு நாற்பதுக்கு மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, பனிக்குடம் உடைஞ்சிருச்சு, ரெண்டு வாரம் முன்னாடியே. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கோம்." ஏழு நாற்பத்தைந்துக்கு அடுப்பை அணைத்தேன். சேலைத் துண்டுகளை எடுத்தது நினைவிருக்கிறது. டப்பாவை மூட முடியாமல் மூடியது, கேட்டைப் பூட்டியது, ஆட்டோக்காரரிடம் கத்தியது எல்லாம் நினைவிருக்கிறது. பீரோவைத் திறந்தது மட்டும் நினைவில் இல்லை. ஆனால் திறந்திருக்கிறேன். சாவியைத் திருகி, மேல்தட்டில் எட்டி, உறையோடு எடுத்து, அடியில் வைத்து, அதன்மேல் என் பேரப்பிள்ளைக்கான துணிகளை அடுக்கியிருக்கிறேன். கோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு காலையும் செய்வதுதான். ஆறு வருடப் பழக்கம். பழக்கம் என்று சொன்னால் எந்த மாஜிஸ்திரேட்டும் நம்புவார். நான் நம்புகிறேனா என்பது வேறு.

என் பெயர் மாதேஸ்வரி. கிருஷ்ணகிரி கோர்ட்டில் இருபத்தேழு வருடமாக வக்கீல். துப்பாக்கி லைசன்ஸ் புத்தகத்தில் என் போட்டோவுக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கிறது, செல்லுபடியாகும் எல்லை என்று. அதில் நீல மையில் தமிழ்நாடு மாநிலம் மட்டும் என்று எழுதி, சுற்றி முத்திரை குத்தியிருக்கிறார்கள். பதினான்கு மாதம் அலைந்து வாங்கியது. கலெக்டர் ஆபீசில் அந்த அதிகாரி கேட்டார், இந்தியா முழுக்க வேணும்னா தனியா மேல விண்ணப்பிக்கணும், செய்றீங்களா மேடம் என்று. நான் எங்க சார் போகப் போறேன், வீடு, கோர்ட்டு, வீடு என்று சொன்னேன். அப்போது பிரதீபாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெங்களூரில் வேலைகூட இல்லை. இப்போது நாற்பது நிமிடத்தில் எல்லை. அந்தப் பக்கம் போன நொடியில் இந்தப் புத்தகம் வெறும் காகிதம். எந்தப் பிரிவில் போடுவார்கள்? உரிம நிபந்தனையை மீறியதாகவா, உரிமமே இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாகவா? முதலாவது என்றால் வாதாடலாம். இரண்டாவது என்றால் ஜாமீனுக்கே அலைய வேண்டும். பிரசவ வார்டுக்குப் போகிற வழியில் கைதான வக்கீலம்மா. ஆனால் யார் சோதிக்கப் போகிறார்கள்? இந்தச் சாலையில் எத்தனை தடவை போயிருக்கிறேன், ஒருவர்கூட என் பையைத் தொட்டதில்லை. ஐம்பத்துநான்கு வயது, நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, கஞ்சி போட்ட சேலை. என் முகத்தைப் பார்த்தாலே போகச் சொல்லிவிடுவார்கள். இந்த நினைப்பு வந்ததும் எனக்கே கூசியது. எத்தனை பையன்களுக்காகக் கோர்ட்டில் நின்றிருக்கிறேன், போலீஸ் அவர்கள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டு வந்தது என்று.

சேலைத் துண்டுகளை மறுபடி மேலே இழுத்துவிட்டேன். பூண்டு வாசனை கையில் ஒட்டியிருந்தது. பிரதீபாவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமலிருக்க முயன்றேன், அதனால் அதையே யோசித்தேன். வளைகாப்புக்கு வந்திருந்தவள், கை நிறைய வளையலோடு, சீப்பு தேடி பீரோவைத் திறந்தாள். நான் கூடத்தில் சித்தப்பா வீட்டாருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். வளையல் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. அப்புறம் எல்லாரும் போன பிறகு சொன்னாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அம்மா, இது இருக்கிற வீட்டுக்கு நான் குழந்தையைத் தூக்கிட்டு வர மாட்டேன். நீயே முடிவு பண்ணிக்க." நான் சொன்னேன், "பூட்டித்தானே வச்சிருக்கேன்." அவள் சொன்னாள், "பூட்டறது பத்தி நான் பேசலை." அந்தச் சொல் எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரியாது. சரி பார்க்கலாம் என்றேன். கட்சிக்காரர்களிடம் சொல்கிற அதே பார்க்கலாம். அவளுக்கு என் பார்க்கலாம் தெரியும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவில்லை. பெங்களூரில்தான் நல்ல டாக்டராம் என்று சொந்தக்காரர்களிடம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் மாப்பிள்ளை வீட்டாரைக் குறை சொன்னார்கள், நான் மறுக்கவும் இல்லை. அதுவும் ஒரு பொய்தான். இவள் அப்பா இருந்திருந்தால் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசியிருப்பார். அவர் போய்ப் பதினைந்து வருடம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடுவில் உட்கார ஆள் இல்லை.

ஓசூர் பஸ் நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் நிற்கும் என்றார் கண்டக்டர். அப்புறம் ஞாபகம் வந்தவர்போல உள்ளே தலையை நீட்டி, "அந்தப் பக்கம் எலெக்சன் செக்கிங் நடக்குது, அத்திப்பள்ளியில எல்லாரும் இறங்கிப் பையைத் திறந்து காட்டணும், யாரும் தகராறு பண்ணாதீங்க" என்றார். தேர்தல் நேரத்தில் இந்தியா முழுக்கச் செல்லுகிற லைசன்ஸ் உள்ளவர்களே ஒப்படைத்துவிட வேண்டும். இறங்கலாம், இங்கேயே, இப்போதே. எழுந்தேன், உட்கார்ந்தேன். இறங்கினால் எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்டேஷன், மனு, சரிபார்ப்பு, கையெழுத்து, ரசீது. ஒரு மணி நேரமா, மூன்று மணி நேரமா? போன் அடித்தது. மாப்பிள்ளை ஹேமந்த். "அத்தை, எங்க வர்றீங்க? வலி அதிகமாயிடுச்சு. உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க. உங்களைத்தான் கேக்கறா." "ஓசூர்ல இருக்கேன்ப்பா, வந்துட்டேன்னு சொல்லு." வைத்துவிட்டேன். வந்துட்டேன் என்று சொல்லிவிட்டேன். பஸ் கிளம்பிவிட்டது, இறங்கவில்லை. சென்னப்பனைக் கூப்பிட்டேன். என் குமாஸ்தா, பத்தொன்பது வருடமாக. "சென்னப்பன், அது என் பையில இருக்கு." "எது மேடம்?" "அதுதான்." "இப்ப எங்க இருக்கீங்க?" "ஓசூரைத் தாண்டிட்டேன். தெரியாம எங்கூட வந்துடுச்சு." "வந்துடுச்சா, எடுத்துட்டுப் போனீங்களா?" அவர் கேட்டதில் குத்தல் இல்லை. மனுவில் எதை எழுதுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அது அவர் வழக்கம். அடுத்து என்ன செய்யணும் என்று மட்டும் கேட்டேன். "எல்லைக்கு முன்னாடி ஜூஜூவாடியில இறங்கிடுங்க மேடம். பக்கத்து ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கங்க. நான் மனு டைப் பண்ணி அனுப்பறேன், பத்து நிமிஷம்." பத்து நிமிடம் ஆகும். முன்பெல்லாம் மூன்று நிமிடத்தில் அடித்துவிடுவார். இப்போது இடது கையாலும், வலது கையில் மிச்சமிருக்கிற இரண்டு விரலாலும்.

அந்த இரண்டு விரல். தினமும் காலையில் வக்காலத்துப் படிவத்தை அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கி என்னிடம் நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன், ஒருநாளும் கையைப் பார்க்காமல். ஏழு வருடத்துக்கு முன்னால், சாயங்காலம் ஐந்தரை இருக்கும் அன்றைக்கு. கல்குவாரி வழக்கு, ஊர்க்காரர்கள் பக்கம் நான். வெடி வைத்ததில் விரிசல் விட்ட வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் நான்தான் ஓட்டினேன். மண்சாலையில் குறுக்கே கல் வைத்திருந்தார்கள். நான் தள்ளிட்டு வர்றேன் மேடம் என்று இறங்கினார். ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் அரிவாளோடு வந்தார்கள். அவர் திரும்பி ஓடி வந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். டக் என்று நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. இதில்தான் எனக்குச் சிக்கல். அவர் ஓடி வருவதைப் பார்த்த பிறகு அழுத்தினேனா, அதற்கு முன்பா? முன்பு என்றால் அது பயம், யாருக்கும் வரும். பிறகு என்றால்? சில நாட்களில், முன்புதான் அழுத்தினேன் என்று உறுதியாகத் தெரியும். குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது, பிறகு என்று தெரியும். அவர் கைப்பிடியை இழுத்தார். கண்ணாடியில் இடது கையால் தட்டினார், மேடம், மேடம் என்று. வலது கையை மேலே தூக்கித் தடுத்தார். நான் ஹாரனை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன், எதிரே டிப்பர் லாரி ஒன்று வரும்வரை. அவர்கள் ஓடிவிட்டார்கள். வக்கீலம்மா ஹாரன் அடிச்சதாலதான் ஆள் பிழைச்சார் என்று ஊரே சொன்னது. சாட்சிக் கூண்டில் ஏறி நானும் அதையே சொன்னேன், நான் ஹாரன் அடித்து உதவி கேட்டேன் என்று. உண்மைதான், ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கதவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எதிர்தரப்பு வக்கீலுக்குக்கூடத் தோன்றவில்லை. சென்னப்பனும் இன்றுவரை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மேடத்துக்கு ஒண்ணும் ஆகலையே என்று கேட்டார். அதற்கு அடுத்த வாரம் லைசன்ஸுக்கு விண்ணப்பித்தேன். உயிருக்கு அச்சுறுத்தல் என்று எழுதினேன். கையில் இது இருந்தால் அடுத்த தடவை கதவைத் திறப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறப்பேனா? சுடும் பயிற்சி மைதானத்தில் அட்டையைச் சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இன்றைக்கு மகள் வலியில் இருக்கிறாள் என்று கேட்டதும் என் கை முதலில் எதைத் தேடிப் போயிற்று? பொத்தானை அழுத்திய அதே கைதான்.

"ஜூஜூவாடி இருக்கா?" கண்டக்டர் குரல் கொடுத்தார். யாரும் எழவில்லை. அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். இறங்கணும் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை, மறுபடி கத்தினேன். தூங்கிக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு முழங்காலை ஒதுக்கினாள். "ஏம்மா, பொம்மசந்திரானுதானே டிக்கெட் எடுத்தீங்க?" "இறங்கணும்ப்பா." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஸ் போனதும் சாலை ஓரத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். லாரிகள் எல்லையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. என் மகள் இருக்கிற பக்கம் பஸ் போகிறது, நான் இங்கே நிற்கிறேன். தப்பு செய்துவிட்டேனா? ஆட்டோ ஒன்றை நிறுத்தி ஸ்டேஷன் என்றேன். ஆட்டோக்காரர், "ஏதாச்சும் தொலைஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வழி முழுக்க அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் போயிருந்தார். தலைமைக் காவலர் ஒரு பெண், சட்டையில் பூங்காவனம் என்று பெயர். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் நாற்காலியைக் காட்டினாள், அப்புறம் பையை. "மேசைமேல வைங்க மேடம். நீங்களே எடுங்க, மெதுவா." எடுத்தேன். சேலைத் துண்டு ஒன்று கூடவே வந்து விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுத்து மடித்து என்னிடம் கொடுத்தாள். ஆறு தோட்டாக்களை நான் கழற்றி வைத்தேன், அவள் வரிசையாக நிறுத்தினாள். நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டுக் கேட்டாள், அங்கே யாரோ கோப்பைத் தேடப் போனார்கள், தேடிக்கொண்டே இருந்தார்கள். சென்னப்பனின் மனு வந்துவிட்டது, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல். மகளின் பிரசவத்தை முன்னிட்டு அவசரமாக வெளிமாநிலம் செல்ல வேண்டியிருப்பதால் தற்காலிகமாகத் தங்கள் பாதுகாப்பில் ஒப்படைக்கிறேன். அவர்களே பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். தற்காலிகமாக என்ற சொல்மேல் பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. அவ்வளவு தைரியம் அந்த நேரத்தில் இல்லை, கையெழுத்து மட்டும் போட்டேன். சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது, அப்புறம் பத்து நாற்பது. போனைப் பையில் போட்டு மூடியிருந்தேன், சத்தத்தையும் நிறுத்தியிருந்தேன். அது அடித்தால் நான் இவளிடம் கெஞ்சத் தொடங்கிவிடுவேன். பூங்காவனம் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எதுக்காக மேடம் லைசன்ஸ் வாங்கினீங்க? காரணம் எழுதணும்" என்றாள். எப்போதும் தயாராக இருக்கிற பதில் நாக்கு நுனியில் இருந்தது. "ஒருத்தரை வெளிய விட்டுட்டுக் கதவைப் பூட்டிட்டேன்" என்றேன். அவள் பேனா நின்றது. "அவர் தட்டினார். நான் திறக்கலை. அவரைப் பார்த்த பிறகுதான் பூட்டினேன்." பிறகுதான் என்று சொன்னது என் வாய். ஏழு வருடமாக இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருந்தது அப்படி ஒரு மூலை மேசையில் முடிந்துபோயிற்று. பூங்காவனம் என்னைப் பார்த்தாள், தண்ணீர் செம்பை என் பக்கம் நகர்த்தினாள், பிறகு குனிந்து பாதுகாப்பு கருதி என்று எழுதினாள். அதைவிட வேறு என்ன எழுத முடியும் அவளால்.

தண்ணீர் குடித்துவிட்டுப் போனை எடுத்தேன். ஹேமந்திடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள். நான் அழுத்துவதற்குள் திரையில் பிரதீபா என்று வந்தது. "எங்கம்மா இருக்க?" கரகரத்த குரல், தொண்டை கட்டினாற்போல. அத்திப்பள்ளியில டிராஃபிக் என்பது தயாராக இருந்தது. நம்பக்கூடியது, தினமும் நடப்பது. "போலீஸ் ஸ்டேஷன்ல" என்றேன். அவள் எப்போதும் கெட்டிக்காரி. "கொண்டு வந்துட்டியா?" "ஆமாம்மா." "ஆஸ்பத்திரிக்கு? இதுக்கா?" "ஆமா. எடுத்தது ஞாபகமே இல்லை. ஆனா நான்தான் எடுத்தேன்." பூங்காவனம் ரசீதில் முத்திரை குத்தினாள், இரண்டு தடவை. "பாப்பு, நீ என்னை எது வேணா சொல்லு. ஆனா உங்கிட்ட நான் ஒண்ணு சொல்லியாகணும். அன்னைக்கு சென்னப்பனை வெட்டினப்ப நான் காருக்குள்ள…" "அம்மா." "இரு, சொல்லிடறேன்." "அம்மா, நேர்ல வந்து சொல்லு. போன்ல வேணாம். உட்கார்ந்து கேக்கறேன்." பின்னால் ஏதோ கீச்சென்றது, பூனைக்குட்டி மாதிரி, உடனே நின்றது. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். "அதைக் கொடுத்துட்டு மெதுவா வா. நாங்க எங்கயும் போயிடலை" என்றாள். நாங்க என்றாள்.

ஜூஜூவாடியிலிருந்து நகரப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். அத்திப்பள்ளியில் எல்லாரையும் இறக்கினார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது, வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் ஒரு ஆளின் துணிமூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். எனக்குப் பதற்றம் அடங்கவில்லை. பையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கை அடியில் துழாவிக்கொண்டே இருந்தது. ரசீது இருக்கிறதா, இருக்கிறது. மறுபடி, இருக்கிறதா. என் முறை வந்தது. கர்நாடகப் பெண் போலீஸ், சின்ன வயது, மூக்கில் வேர்வை. என் முகத்தைப் பார்த்து விட்டுவிடவில்லை. பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தாள். டப்பாவைத் திறந்து முகர்ந்தாள், பூண்டை உருட்டினாள், சேலைத் துண்டுகளை விரித்துப் பார்த்தாள், இரண்டாவது துண்டை விரிக்கும்போது அவள் கை மெதுவாயிற்று. துணியைத் தடவியபடி நிமிர்ந்தாள். "மகுவுக்கா?" என்றாள். குழந்தைக்கா என்கிறாள். தலையாட்டினேன். "கண்டா, ஹெண்ணா?" எல்லைக்காரிதானே நான், புரிந்தது. ஆணா பெண்ணா. பிரதீபா சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. "தெரியலை" என்றேன். "இப்பத்தான் பிறந்துச்சு. கேக்க மறந்துட்டேன்." அவளுக்குத் தமிழ் எவ்வளவு தெரியுமோ, இது தெரிந்தது. என்னைப் பார்த்தாள், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். துணிகளைப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, தாடையால் என் போனைக் காட்டினாள். "கேளி அம்மா, ஈகலே கேளி." இப்போதே கேளுங்கள் என்கிறாள். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. அங்கேயே, மேசைக்கு முன்னால் நின்று, மகளைக் கூப்பிட்டேன்.